கோப்பி இலையின் அடியில் பார்த்தவர்: ஹரி மார்ஷல் வார்ட்

போன வருடம் மழை பிடிப்பதற்கு முன், என் மிளகுக் கொடிகளில் நாற்பத்திரண்டை நானே வேரோடு பிடுங்கி எரித்தேன். வரக்காப்பொலவுக்கு மேலே, அப்பாவும் அம்மாவும் றப்பர் பால் வெட்டிய தோட்டத்தின் எல்லையில், மச்சானும் நானும் குத்தகைக்கு எடுத்திருக்கும் அரை ஏக்கர் அது. கன்று வாங்கிய இடத்தில் எல்லாம் பச்சைப் பசேலென்றுதான் இருந்தன. முதல் வருடம் கிளிசிறிடியா மரங்களில் ஒழுங்காகவே ஏறின. இரண்டாம் வருடம் சில கொடிகளில் இலை சிறுத்தது. மஞ்சள் திட்டு விழுந்தது. ஓரம் சுருண்டு, கணுக்கள் கிட்டக் கிட்ட வந்தன. கதிர் வந்தாலும் பாதிக்குப் பாதி மணி பிடிக்கவில்லை.

உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டோம். வெயில் அதிகம் என்று நினைத்து நிழலுக்கு மரம் விட்டோம். கடைசியில் வந்து பார்த்த விவசாய உத்தியோகத்தர், இது வைரஸ் என்றும், கன்று வரும்போதே உள்ளே இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். மருந்து இல்லை. பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும். நடுவதற்கு முன்பே தாய்க்கொடியின் இலையைப் பி.சி.ஆர். பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த அதே பி.சி.ஆர். மிளகுக் கொடிக்கும் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் முன் நோய் எங்கே இருந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழைய புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்த நாட்டில் ஒரு பயிர் நோயை வைத்து இதே கேள்வியை முறையாகக் கேட்டு, பதிலும் கண்டவர், 1880இல் இங்கு வந்திறங்கிய இருபத்தைந்து வயது இங்கிலாந்துக்காரர் ஒருவர். பெயர் ஹரி மார்ஷல் வார்ட். தாவர நோயியல் படிக்கும் மாணவர்களுக்கு உலகம் முழுவதும் தெரிந்த பெயர். அவர் எந்தப் பயிருக்காக வந்தாரோ, அந்தப் பயிரில் முறிந்து வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அவ்வளவாகத் தெரியாத பெயர்.

அவர் 1854 மார்ச் 21ஆம் திகதி ஹெரிஃபோர்ட் நகரில் பிறந்தார். தகப்பன் இசைக்கலைஞர். பெரிய சொத்துக்காரக் குடும்பம் இல்லை. இலண்டன் சவுத் கென்சிங்டனில் தோமஸ் ஹக்ஸ்லியின் வகுப்புகளில் விஞ்ஞானம் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடிய அதே ஹக்ஸ்லிதான். அங்கே பெற்ற பயிற்சி அவருக்கு 1876இல் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியின் புலமைப்பரிசிலை வாங்கித் தந்தது. 1879இல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகருக்குப் போய் யூலியஸ் சாக்ஸ் என்ற பெரிய தாவரவியலாளரின் ஆய்வுகூடத்தில் கொஞ்சக் காலம் இருந்தார். அங்கிருந்துதான் இலங்கை அரசாங்கம் அவரைப் பங்கசு ஆய்வாளராக இரண்டு வருடத்துக்கு வரவழைத்தது.

அரசாங்கம் அப்படிப் பதறிக்கொண்டு ஒருவரை வரவழைக்கக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் இலங்கை என்றால் கோப்பி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடும் புகையிரதப் பாதையே கோப்பிக்காகப் போட்டதுதான். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி வந்தது. 1867இல் கண்டி வரை போனது. மலையிலிருந்து கோப்பி மூட்டை துறைமுகத்துக்கு இறங்கவும், அரிசி மலைக்கு ஏறவும் அந்தப் பாதை. 1870இல் நாட்டிலிருந்து ஏற்றுமதியான கோப்பி 10 கோடி இறாத்தலுக்கு மேல்.

அதற்கு முந்திய வருடம், 1869இல், மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் தூள் தூளாகத் திட்டுகள் தெரிந்தன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிற்ஸ், இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்த்தவர் மைல்ஸ் பேர்க்லி என்ற பாதிரியார். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, காரணம் ஒரு பங்கசுதான் என்று சொன்ன மிகச் சிலரில் அவரும் ஒருவர். இந்தக் கோப்பி நோய்க்குக் காரணமான புதிய பங்கசுக்கு அவர் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். இரண்டாவது சொல்லுக்குப் பேரழிவு செய்வது என்று பொருள். தோட்டத் துரைமார் அந்த வாயில் நுழையாத பெயரை எமிலி என்று சுருக்கிக்கொண்டார்களாம்.

வேடிக்கை என்னவென்றால், துரைமார் பல வருடங்களுக்கு எமிலியைப் பெரிதாக எடுக்கவில்லை. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. ஏக்கருக்கு விளைச்சல் குறையக் குறைய, காட்டை வெட்டி மேலும் மேலும் ஏக்கர்களைச் சேர்த்தார்கள். 1878 அளவில் கோப்பி நின்ற நிலம் சுமார் 275,000 ஏக்கர். அதே காலத்தில்தான், 1876 முதல் 1878 வரை, தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கடல் தாண்டி வந்தவர்கள் அந்தப் புதிய ஏக்கர்களில் இறக்கப்பட்டார்கள். இலையின் அடியில் துரு பிடித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் வேறு போக்கிடம் இருக்கவில்லை.

வார்ட் 1880 பெப்ரவரி அளவில் வந்தார். பேராதனைக்குப் புகையிரதத்தில்தான் போயிருக்க வேண்டும். போயிருந்தால் முதலில் ஹெனரத்கொட வழியாகப் போயிருப்பார். பிரேசிலிலிருந்து கொண்டுவந்து கியூ பூங்காவில் முளைக்க வைத்த றப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, அங்கேதான் நடப்பட்டிருந்தன. அப்போது யாரும் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்து அம்பேபுஸ்ஸ. பிறகு மலை ஏற்றம். என் வீட்டு முற்றத்தில் நின்றால் இரவில் அந்தப் பாதையில் வண்டி போகும் சத்தம் மெல்லக் கேட்கும். அதனால் எனக்கு இதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவருக்கு முன்னே வந்தவர்கள் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்திருந்தார்கள். பேராதனையில் உதவிப் பணிப்பாளராக இருந்த டானியல் மொறிஸ் அப்படி நிறையப் பரிசோதனை செய்தவர். ஆனால் நோய் எப்படி ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்குப் போகிறது, எப்போது உள்ளே நுழைகிறது, நுழைந்த பின் எத்தனை நாள் மறைந்திருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. மண் சத்துக் கெட்டுவிட்டது என்றார் ஒரு துரை. மழை பிந்திப் பெய்வதால் என்றார் இன்னொருவர். மரத்துக்கு வயதாகிவிட்டது, உரம் போட்டால் சரியாகும் என்றார் மற்றொருவர். என் மிளகைப் பார்த்து நானும் மச்சானும் பேசிக்கொண்டது இதிலிருந்து ஒரு சொல்லும் மாறவில்லை.

வார்ட் மருந்தைத் தேடி ஓடவில்லை. முதலில் நுணுக்குக்காட்டியை வைத்து உட்கார்ந்தார். செம்மஞ்சள் தூள் என்பது பங்கசின் வித்திகள். அவற்றை எடுத்து, ஒரு துளி நீரோடு நல்ல கோப்பி இலையின் அடியில், தான் குறித்து வைத்த இடத்தில் இட்டார். ஈரம் இருந்தால் மட்டுமே வித்தி முளைத்தது. முளைத்து வந்த மெல்லிய குழாய் இலைவாயைத் தேடி அதன் வழியாக உள்ளே போனது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இலை சுத்தம். இரண்டு வாரம் அளவில், குறித்த அதே இடத்தில் முதலில் வெளிர்த் திட்டு, பிறகு செம்மஞ்சள் தூள். வித்தி வைக்காத இடத்தில் ஒன்றுமில்லை. ரொபேர்ட் கொக் கால்நடைகளின் அந்திராக்ஸ் நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று காட்டி நான்கு வருடம்கூட ஆகாத காலம் அது. காசநோய்க் கிருமியை அவர் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882இல், வார்ட் இலங்கையிலிருந்து திரும்பிய வருடம். ஐரோப்பாவின் பெரிய ஆய்வுகூடங்களில் நடந்துகொண்டிருந்த அதே வகை வேலையை, மழையில் நனைந்த ஒரு கோப்பி மலையில் தனி ஆளாக இவர் செய்துகொண்டிருந்தார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவி, அவற்றைத் தோட்டத்தில் காற்றுப் படும் இடங்களில் வைத்தார். காற்றில் மிதந்து வருவது எதுவோ அது பசையில் ஒட்டிக்கொள்ளும். எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கோப்பித் துருவின் வித்திகள். இலையில் நோய் தெரிவதற்கு முன்பே, காற்றில் நோய் வந்துகொண்டிருப்பதை ஒருவர் பிடித்துக் காட்டிவிட்டார். ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் பசை. பயிர் நோயை அறிகுறிக்கு முன்னால் கண்டறிவது என்ற இன்றைய பெரிய துறையின் மூத்த முயற்சிகளில் ஒன்று நம் மலையில் இப்படி நடந்தது.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு துரைமாருக்கு ருசிக்கவில்லை. பங்கசு உள்ளே போன பிறகு வெளியே தூவும் எந்தத் தூளாலும் பயனில்லை. வித்தி முளைக்கும் முன்பே இலையில் மருந்து இருக்க வேண்டும். அதுவும் மழையில் கழுவுப்படாமல் இருக்க வேண்டும். உரம் மரத்துக்குத் தெம்பு தரும், நோயைத் தீர்க்காது. இதற்கெல்லாம் மேலாக, மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டு வைத்திருப்பதுதான் இந்தப் பங்கசுக்கு விருந்து வைத்தது என்று அவர் காட்டினார். காற்றை மறிக்கும் மரவரிசைகளை இடையிடையே விட வேண்டும் என்பது அவர் தரப்பு. மரம் வெட்டித்தானே கோப்பி நட்டார்கள். அதைக் கேட்க யார் இருந்தார்கள்?

அவருடைய அறிக்கைகள் 1880இலும் 1881இலும் வெளிவந்தன. மூன்றாவது அறிக்கை நோயின் வாழ்க்கை வரலாற்றை முழுதாகச் சொன்னது. துரைமார் எதிர்பார்த்தது வாழ்க்கை வரலாறு அல்ல, மருந்து. அவர் தோல்வியடைந்துவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. 1882இல் இலங்கையை விட்டுப் போனார். மூன்று வருடம் கழித்து, 1885இல், பிரான்ஸில் மில்லார்டே என்பவர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோக் கலவையைத் திராட்சைக்கு அறிமுகப்படுத்தினார். இலையில் முன்கூட்டியே தெளித்து வைக்கும் மருந்து. வார்ட் எப்படிப்பட்ட மருந்து வேண்டும் என்று சொன்னாரோ, ஏறக்குறைய அப்படிப்பட்டது. அது மூன்று வருடம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அத்தனை இலட்சம் ஏக்கரில், அந்தச் செங்குத்துச் சரிவுகளில், ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்துக்கும் யார் தெளித்திருப்பார்கள், எந்தக் கூலிக்கு, என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அவர் போன பிறகு நடந்ததுதான் நம் வீட்டுக் கதை. 1884 மே மாதம், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி விழுந்தது. தோட்டம் தோட்டமாகக் கைவிடப்பட்டது. மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்றவர்கள், துரையும் இல்லாமல் அரிசியும் இல்லாமல் நடுமலையில் நின்றார்கள். பலர் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். கூலிப் பாக்கிக்குத் தோட்டத்தின் மீது முதல் உரிமை தரும் சட்டமே அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் வந்தது. 1889 அளவில் கோப்பி ஏற்றுமதி ஏறக்குறைய 50 இலட்சம் இறாத்தலுக்கு இறங்கிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

இடையில் சிங்கோனா நட்டுப் பார்த்தார்கள், அதன் விலையும் விழுந்தது. பிறகு தேயிலை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியது, 1890களின் நடுவில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆங்கிலேயன் தேநீருக்கு மாறியதே கோப்பித் துருவால்தான் என்று ஒரு கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. அவன் அதற்கு எத்தனையோ காலம் முன்பே சீனத் தேயிலை குடித்துக்கொண்டிருந்தான். மாறியது குடித்தவனின் பழக்கம் அல்ல, பறித்தவளின் வாழ்க்கை. கோப்பி பருவத்துப் பயிர். பழம் பறிக்க வந்தவர்களில் பலர் பறித்து முடித்து ஊர் திரும்பினார்கள். தேயிலைக்குக் கொழுந்து வருடம் முழுவதும் எடுக்க வேண்டும். பின்னால் வந்த றப்பருக்கும் அப்படித்தான், மழை விட்ட நாளெல்லாம் பால் வெட்டு. குடும்பத்தோடு லயத்தில் நிரந்தரமாகத் தங்க வேண்டியதாயிற்று. மலையகத் தமிழர் என்ற ஒரு மக்கள் கூட்டம் இந்த நாட்டில் வேர் விட்டதற்கான காரணங்களை எழுதும்போது, பஞ்சத்தையும் கங்காணியையும் வெள்ளைக்காரனையும் எழுதுகிறோம். ஒரு பங்கசின் பெயரையும் அதில் சேர்க்கத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் வார்ட் தோற்றவராக வாழவில்லை. ஸ்ட்ராஸ்பேர்க் போய், பயிர் நோய்ப் பங்கசு ஆய்வின் தந்தை எனப்படும் அன்டன் டி பாரியிடம் வேலை செய்தார். மன்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1883இல் திருமணம். 1885இல், இந்திய வனத்துறைக்கு ஆட்களைப் பயிற்றும் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். 1888இல் றோயல் சொசைட்டியின் உறுப்பினர். அதே வருடம் லில்லிப் பூவின் நோய் ஒன்றைப் பற்றி எழுதினார். பங்கசு தான் சுரக்கும் ஒரு பொருளால் தாவரக் கலத்தின் சுவரைக் கரைத்துக்கொண்டு எப்படி உள்ளே போகிறது என்று அதில் காட்டியிருந்தார். 1892இல், வீடுகளில் இஞ்சி பியர் புளிக்க வைக்கப் போடும் கட்டி எதனால் ஆனது என்று ஆராய்ந்து, ஒரு ஈஸ்டும் ஒரு பற்றீரியாவும் சேர்ந்து குடும்பம் நடத்துகின்றன என்று கண்டார். இன்னொரு பரிசோதனை, அந்திராக்ஸ் கிருமி பரப்பிய தட்டின் மேல், எழுத்து வடிவில் வெட்டிய ஒரு மறைப்பை வைத்து வெயிலில் காட்டுவது. வெளிச்சம் பட்ட இடத்தில் கிருமி செத்து, அந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டுவதில் அவருக்கு ஒரு தனி ஆசை இருந்திருக்கிறது.

1895இல் கேம்பிரிட்ஜின் தாவரவியல் பேராசிரியரானார். அவருடைய காலத்தில் எழுந்த புதிய தாவரவியல் கட்டிடத்தை 1904இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து திறந்தார். கடைசி வருடங்களில் அவர் திரும்பவும் துரு நோய்க்கே வந்தார். இம்முறை புல்லிலும் கோதுமையிலும்.

அங்கேதான் ஒரு பெரிய சண்டை. சுவீடனைச் சேர்ந்த யாக்கோப் எரிக்சன் என்ற விஞ்ஞானி 1897இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். கோதுமைத் துரு வெளியிலிருந்து காற்றில் மட்டும் வருவதில்லை. அது விதைக்குள்ளேயே, கலத்தின் உயிர்ப்பொருளோடு உருவமில்லாமல் கலந்து, எந்த நுணுக்குக்காட்டிக்கும் தெரியாமல் ஒளிந்திருந்து, காலம் வரும்போது வெளியே வருகிறது என்றார். வார்ட் இதை ஏற்கவில்லை. இலங்கையில் கண்ணாடித் துண்டில் வித்தியைப் பிடித்தவர் அல்லவா. வெளியிலிருந்து வித்தி வராதபடி பாதுகாத்து நாற்று வளர்த்தார். நோய் வரவில்லை. இலைக்குள் பங்கசின் இழையை ஒவ்வொரு நாளாகத் தொடர்ந்து வரைந்து காட்டினார். உருவமில்லாமல் ஒளிந்திருக்கும் கட்டம் என்று ஒன்றில்லை என்று நிறுவினார். துரு விடயத்தில் வார்ட் சொன்னதே சரி. எரிக்சனின் கொள்கை பிறகு கைவிடப்பட்டது.

ஆனால் அதே வருடங்களில்தான் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1892இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி, நோய் பிடித்த புகையிலையின் சாற்றை, பற்றீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த பிறகும் அது நோயைக் கொடுத்தது. 1898இல் ஒல்லாந்தில் பெயரிங்க், இது பற்றீரியாவே இல்லை, உயிருள்ள தாவரத்துக்குள் மட்டுமே பெருகும் வேறு ஏதோ ஒன்று என்று எழுதினார். நாம் இன்று வைரஸ் என்று சொல்லுவது. அன்றைய எந்த நுணுக்குக்காட்டிக்கும் தெரியாதது. செடியின் கலத்துக்குள் கலந்து கிடப்பது. வெட்டி நட்ட துண்டோடு கூடவே போவது. எரிக்சன் துருவைப் பற்றிச் சொன்னது தவறு. ஆனால் அவர் கற்பனை செய்த மாதிரி வாழும் நோய்கள் உண்மையிலேயே இருக்கின்றன. நான் எரித்த மிளகுக் கொடிகளில் இருந்தது அந்த வகை. வாழையில் கீற்று நோய் தரும் ஒரு வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சில வாழை இனங்களின் மரபணுவிலேயே அதன் துண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, செடிக்குக் கஷ்டம் வரும்போது விழித்துக்கொள்கிறது.

வார்ட் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. உடல்நலம் கெட்டு, 1906 ஓகஸ்ட் 26ஆம் திகதி இங்கிலாந்தின் டோர்கி நகரில் இறந்தார். வயது 52. மகன் பிராங்க் கிங்டன் வார்ட், தகப்பனைவிடப் பெயர் பெற்றவர். திபெத், அசாம், பர்மா மலைகளில் அலைந்து செடி சேகரித்தவர்.

தேயிலைக்கும் வைரஸ் வந்தது. தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1940களில் பொண்ட் என்ற ஆய்வாளர், பட்டைக்குள் உணவு கடத்தும் இழையம் கருகிப்போகும் ஒரு நோயைத் தொடர்ந்தார். நோயுள்ள தேயிலையை நல்ல செடியில் ஒட்டு வைத்து, நோய் தொற்றுகிறது என்று காட்டி, அது வைரஸ் என்ற முடிவுக்கு வந்தார். ஒட்டு வைத்துவிட்டுச் செடிக்கு நோய் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். அன்று இருந்த வழி அது.

இன்றைய வழி காத்திருக்காது. இலையில் ஒரு சிறு துண்டை அரைத்து, அதிலிருந்து மரபுப் பொருளைப் பிரித்து, வைரசுக்கு மட்டுமே உரிய ஒரு துண்டைத் தேடச் சொல்கிறார்கள். அந்தத் துண்டு இருந்தால், சூடாக்கி ஆற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிப்பாகும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். இல்லாவிட்டால் ஒன்றுமே பெருகாது. மிளகில் இரண்டு வைரஸ்கள் முக்கியம். ஒன்று மாவுப்பூச்சி பரப்பும் மஞ்சள் திட்டு வைரஸ், மற்றது அசுவினி பரப்பும் வெள்ளரி மொசைக் வைரஸ். இலங்கை மிளகில் இரண்டும் இருப்பது இருபது வருடத்துக்கு முன்பே ஆய்வில் உறுதியானது. முதலாவதின் மரபுப் பொருள் டி.என்.ஏ., நேரடியாகவே பெருக்கலாம். இரண்டாவது ஆர்.என்.ஏ., முதலில் அதை டி.என்.ஏ.யாகப் பிரதி எடுக்க வேண்டும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் மிளகின் இந்த வைரஸ்களுக்கு லாம்ப் என்ற இன்னொரு முறையையும் உருவாக்கியிருக்கிறார்கள். சூடாக்கி ஆற்றும் இயந்திரம் அதற்குத் தேவையில்லை. 65 பாகை அளவில் ஒரே சூட்டில் ஒரு மணித்தியாலம் போல வைத்தால் போதும். அதுவே நம் போன்ற ஊர்களுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு கூர்மையான பரிசோதனைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாழையில் சொன்னது போல, மரபணுவில் தூங்கிக் கிடக்கும் பழைய துண்டையும் அது பிடித்துவிடும். நோயில்லாத செடியும் நோயாளியாகத் தெரியும். மறுபக்கம், ஒரே கொடியில் ஓரிலையில் வைரஸ் இருந்து இன்னோரிலையில் மிகக் குறைவாக இருந்தால், தவறான இலையைக் கிள்ளி அனுப்பியவனுக்குச் சுத்தம் என்று பதில் வரும். எந்த இலை, எத்தனை இலை, எந்தப் பருவத்தில் என்று கேட்டு அறிந்த பிறகுதான் கிள்ள வேண்டும். வார்ட் தன் துளியை எங்கே இட்டோம் என்று இலையில் அடையாளம் வைத்தது ஏன் என்பது இப்போது விளங்குகிறது.

எனக்கு இருக்கும் குறை பரிசோதனையைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது. அரை ஏக்கர் குத்தகைக்காரன் கன்று வாங்கும் இடத்தில், இந்தத் தாய்க்கொடி இன்ன மாதம் பரிசோதிக்கப்பட்டது என்று ஒரு துண்டுக் காகிதம்கூடத் தருவதில்லை. நான் வாங்கிய இடத்தில் கேட்டதற்குச் சிரித்தார்கள். 2019க்குப் பிறகு சப்ரகமுவவின் றப்பர் மரங்களில் புதிய இலை நோய் வந்து, இலை கொட்டி, பால் குறைந்தது. அது பங்கசு, வைரஸ் அல்ல. பெயர் பெஸ்டலோசியொப்சிஸ். ஆய்வுகூடத்தில் அதன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மரத்தடியில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்தது, கிலோ குறைந்து அரைப் பேர் விழுந்தது மட்டும்தான். 1881இல் வார்ட் அறிக்கை எழுதி முடித்த நேரம் எங்கோ ஒரு லயத்தில் கூலிப் பாக்கி ஏறிக்கொண்டிருந்ததும் இதுவும் எனக்கு ஒரே படமாகத்தான் வருகிறது.

கொடிகளை எரித்த இடத்தில் இந்த வருடம் மிளகு நடவில்லை. கீழ்ப்பக்கம் ஒரு மூலையில் மட்டும் பன்னிரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு அம்மாவின் வீட்டுப் பலா மரத்தில் வருடக்கணக்காக நன்றாகக் காய்க்கும் பழைய கொடியிலிருந்து வெட்டியது. நன்றாகக் காய்ப்பது நோயில்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல என்று தெரியும். அதனால் மற்றக் கொடிகளிலிருந்து தள்ளி, மாவுப்பூச்சியைச் சுமந்து வரும் எறும்பு ஏறாமல் சுற்றிச் சாம்பல் போட்டு, மேலே வலை கட்டி வைத்திருக்கிறோம். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு காலையில் போய் இலைகளைத் திருப்பிப் பார்க்கிறேன். மச்சான் அதைப் பார்த்துக் கேலி செய்கிறான். தாய்க்கொடியின் இலைகளை எங்கே அனுப்பலாம், எவ்வளவு செலவாகும் என்று உத்தியோகத்தர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வரும்வரை பன்னிரண்டையும் மேட்டுக்கு மாற்றுவதில்லை.